அபூகீர் விரிகுடாவில் ஓர் இரவு

உதுமானிய சுல்தான் மூன்றாம் சலீம், 1798ஆம் ஆண்டில், வைரங்கள் இழைத்த தலைப்பாகை அணி ஒன்றை ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஒருவருக்குப் பரிசாக அனுப்பி வைத்தார். 'செலெங்க்' என்று துருக்கியர் அழைக்கும் அவ்வணி, போர்க்களத்தில் அருஞ்செயல் புரிந்தோர்க்கு உதுமானிய அரசு வழங்கி வந்த சிறப்பாகும். அதைப் பெற்றவர் ஹொரேஷியோ நெல்சன். அணியின் பதின்மூன்று கதிர்களும், அவர் எதிர்கொண்டு முறியடித்த பதின்மூன்று பிரெஞ்சுப் போர்க்கப்பல்களைக் குறித்தன என்பர்.

அதே ஆண்டில், சீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் இன்னொரு சுல்தான், அதே ஆங்கிலேயரை எதிர்க்கத் துணை தேடி மேற்குக் கடலை நோக்கியவண்ணம் இருந்தார். இஸ்தான்புல்லில் நன்றியறிதலாக மலர்ந்த செய்தி, மைசூரில் நம்பிக்கையின் வாயிலை அடைத்தது. இரண்டு விளைவுகளும் ஒரே இரவில் தோன்றியவை. ஹிஜ்ரி 1213, ஸஃபர் மாதத்தில், அதாவது கி.பி. 1798 ஆகஸ்டு முதல் நாள் இரவில், எகிப்தின் அபூகீர் விரிகுடாவில் நடந்த கடற்போரே அது. அந்தப் போரையும், அதில் வந்த கப்பல்களையும், அவற்றை நடத்தியவர்களையும், அதன் அலைகள் எங்கெங்கே சென்று மோதின என்பதையும் ஈண்டுச் சிறிது காண்போம்.

தவறிப்போன சந்திப்பு

நெப்போலியன் போனபார்ட் 1798 மே 19 அன்று தூலோன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். பதின்மூன்று பெரும் போர்க்கப்பல்களும், நூற்றுக்கணக்கான சரக்குக் கப்பல்களும், முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட படைவீரரும் உடன் சென்றனர். வழியில், ஜூன் மாதத்தில், மால்ட்டாத் தீவைக் கைப்பற்றினார். எகிப்தை வென்று, ஆங்கிலேயருக்கு இந்தியாவோடுள்ள தொடர்பை அச்சுறுத்துவது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. திப்பு சுல்தானோடு கைகோத்தல் என்பதும் அந்நோக்கத்தில் அடங்கியிருந்தது.

இப்படையைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு நெல்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. கோர்சிக்காவில் 1794இல் வலக்கண்ணின் பார்வையையும், டெனரீஃபில் 1797இல் வலக்கையையும் இழந்திருந்தார். மே மாதத்தில் சார்டினியாவுக்கு அருகே வீசிய பெரும்புயல் அவருடைய 'வான்கார்ட்' கப்பலின் பாய்மரங்களை முறித்தது. பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்ட அதைத் தம் கப்பலில் கட்டி இழுத்தவர் 'அலெக்ஸாண்டர்' கப்பலின் தலைவர் பால். இருவரும் சேர்ந்து அழிய வேண்டா, கயிற்றை விட்டுவிடுக என்று நெல்சன் ஆணையிட்டும், பால் விடவில்லை. ஆணையை மீறியதனால் இரு கப்பல்களும் பிழைத்தன.

அந்தப் புயலில் நெல்சனுக்கு நேர்ந்த பேரிழப்பு வேறொன்று. முன்னே சென்று எதிரியை உளவறிந்து வரும் விரைவுக் கப்பல்கள் அவரைவிட்டுப் பிரிந்து போயின. பின்னர் ட்ரூப்ரிட்ஜ் என்பவர் தலைமையில் பத்துப் பெரிய கப்பல்களும், ஐம்பது பீரங்கிகள் கொண்ட 'லியாண்டரும்' வந்து சேர்ந்தன. வலிமை வந்தது, ஆனால் கண்கள் வரவில்லை. ஜூன் 22ஆம் நாள் இரவு, மூடுபனியினிடையே இரு படைகளும் ஒன்றையொன்று காணாமலே அருகருகாகக் கடந்து சென்றன. அன்று பனி விலகியிருந்தால் போனபார்ட்டின் வரலாறு கடலிலேயே முடிந்திருக்கக்கூடும்.

ஜூன் 28 அன்று நெல்சன் அலெக்ஸாந்திரியாவை அடைந்தார். அங்கே பிரெஞ்சுக்காரர் ஒருவரும் இல்லை. நகரின் தலைவராயிருந்த சையித் முஹம்மது குரைம் ஆங்கிலேயரை வரவேற்கவில்லை. கெய்ரோவின் வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்-ஜபர்த்தி அந்நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். பிரெஞ்சுக்காரரைத் தேடி வந்தோம், கடலில் நின்று உங்கள் நகரைக் காப்போம், நீரும் உணவும் விலைக்குத் தாருங்கள் என்று ஆங்கிலேயர் கேட்டனர். இது சுல்தானின் நாடு. பிரெஞ்சுக்காரருக்கும் பிறருக்கும் இங்கே வேலையில்லை. நீங்கள் போய்விடுங்கள் என்பது குரைமின் மறுமொழியாக இருந்தது. ஆங்கிலேயர் பாய் விரித்துக் கிழக்கே சென்றனர். இரண்டொரு நாளில், ஜூலை முதல் நாள், பிரெஞ்சுக் கப்பல்கள் அதே கடற்கரையை வந்தடைந்தன. மறுநாள் அலெக்ஸாந்திரியா வீழ்ந்தது. அம்மாத இறுதிக்குள் கெய்ரோவும் போனபார்ட்டின் கைக்குப் போயிற்று.

எழுபத்து நான்கு பீரங்கிகள்

அக்காலத்துப் போர்க்கப்பலைப் பற்றி ஒரு சொல் இங்கே கூறுதல் வேண்டும். நெல்சனின் படையில் பதின்மூன்று கப்பல்கள் எழுபத்து நான்கு பீரங்கிகள் கொண்டவை. ஒவ்வொன்றும் முழுக்க மரத்தாலானது. மூன்று பாய்மரங்களும், இரண்டு அடுக்குப் பீரங்கித் தளங்களும் உடையது. கீழ்த்தளப் பீரங்கி முப்பத்திரண்டு பவுண்டு எடையுள்ள இரும்புக் குண்டை எறியும். ஏறத்தாழ அறுநூறு பேர் ஒரு கப்பலுக்குள் வாழ்ந்தனர். அவர்களில் பலர் விரும்பி வந்தவர் அல்லர். துறைமுகத் தெருக்களில் ஆள்பிடிக்கும் கூட்டத்தாரால் பிடித்து வரப்பட்டவர்கள்.

பீரங்கிகள் யாவும் கப்பலின் இரு பக்கங்களிலேயே வரிசையாக நிற்கும். முன்புறமும் பின்புறமும் ஏறத்தாழ வெறுமை. ஆகவே எதிரியின் முன்னணியையோ பின்னணியையோ குறுக்கே கடந்து சுடுபவனுக்குப் பேரளவு நன்மை உண்டு. அவனுடைய குண்டு எதிரிக் கப்பலின் முழு நீளத்தையும் ஊடுருவிச் செல்லும். இந்த உண்மையை மனத்தில் கொண்டால்தான் அபூகீரில் நடந்தது விளங்கும்.

பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பிரூயிஸ், தம் கப்பல்களை அலெக்ஸாந்திரியாவின் குறுகலான துறைமுகத்துக்குள் கொண்டுபோக அஞ்சி, கிழக்கே உள்ள அபூகீர் விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்றார். அவருடைய தலைமைக் கப்பலான 'லோரியான்' நூற்றிருபது பீரங்கிகள் கொண்டது. எண்பது பீரங்கிக் கப்பல்கள் மூன்று. எழுபத்து நான்கு பீரங்கிக் கப்பல்கள் ஒன்பது. எல்லாம் ஒரே வரிசையில், ஒருபுறம் ஆழமற்ற மணல்திட்டையும் மறுபுறம் திறந்த கடலையும் பார்த்து நின்றன. மணல்திட்டின் பக்கம் எதிரி வரமாட்டான் என்று பிரூயிஸ் நம்பினார். அப்பக்கத்துப் பீரங்கிகளின் இடையே மூட்டைகளும் தட்டுமுட்டுப் பொருள்களும் குவிந்து கிடந்தன. மாலுமிகளில் பலர் குடிநீர் தேடிக் கரைக்குச் சென்றிருந்தனர்.

ஃபோலியின் முடிவு

கிரேக்கக் கரையோரத்தில் கிடைத்த செய்தியால் மீண்டும் எகிப்தை நோக்கித் திரும்பிய நெல்சன், ஆகஸ்டு முதல் நாள் பிற்பகலில் எதிரியைக் கண்டார். முதலில் கண்டது சாமுவேல் ஹூட் தலைமை தாங்கிய 'ஸீலஸ்'. பொழுது சாயச் சில மணி நேரமே இருந்தது. விரிகுடாவின் ஆழம் காட்டும் செம்மையான வரைபடம் அவர்களிடம் இல்லை. விடியட்டும் என்று காத்திருப்பதே வழக்கமான அறிவுடைமை. பிரூயிஸும் அப்படித்தான் எண்ணினார். ஆனால் காற்று வடமேற்கிலிருந்து, பிரெஞ்சு வரிசையின் தலைப்பிலிருந்து வால்வரை நீளவாக்கில் வீசிக்கொண்டிருந்தது. தலைப்பில் தாக்கினால், வாலில் நிற்கும் கப்பல்கள் காற்றை எதிர்த்து உதவிக்கு வர இயலாது. நெல்சன் காத்திருக்க மறுத்தார்.

இருளில் தம்மவர் தம்மவரையே சுட்டுவிடாதிருக்க, ஒவ்வொரு கப்பலும் நான்கு விளக்குகளைக் கிடைவரிசையில் ஏற்ற வேண்டும் என்று ஆணையிட்டார். வழக்கப்படி முன்புறத்திலிருந்து நங்கூரம் இறக்காமல், பின்புறத்துத் துளை வழியாகக் கயிற்றைச் செலுத்தி இறக்க வேண்டும் என்றும் கூறினார். பின்காற்றில் வரும் கப்பல் முன்புற நங்கூரம் போட்டால் சுழன்று திரும்பிவிடும். அந்நேரத்தில் எதிரியின் குண்டுகளுக்கு இரையாகும். பின்புற நங்கூரம் போட்டால் வந்த நிலையிலேயே நின்று உடனே சுடலாம். இவை சிறிய செய்திகளாகத் தோன்றும்; வெற்றியோ பெரும்பாலும் இத்தகைய சிறியவற்றில்தான் தங்கியிருந்தது.

மாலை ஆறரை மணியளவில் போர் தொடங்கியது. முன்னே வந்த கப்பல் 'கோலியத்'. அதன் தலைவர் தாமஸ் ஃபோலி. பிரெஞ்சு வரிசையின் முதற்கப்பல் முன்புற நங்கூரம் ஒன்றிலேயே நிற்பதை அவர் கவனித்தார். நங்கூரத்தில் நிற்கும் கப்பல் காற்றுக்கேற்பச் சுழலும். சுழல்வதற்கு ஆழமான நீர் அதைச் சுற்றிலும் இருந்தாக வேண்டும். அவ்வாறாயின், அதற்கும் மணல்திட்டுக்கும் இடையே தம் கப்பலும் நுழையலாம் அல்லவா? இந்த ஒரு கணக்கை நம்பி ஃபோலி எதிரியின் முன்புறத்தைக் கடந்து, யாரும் எதிர்பாராத கரைப்பக்கம் புகுந்தார். ஹூடின் 'ஸீலஸ்', ஸாமரெஸின் 'ஓரியன்', மில்லரின் 'தீஸியஸ்', கூல்டின் 'ஆடேஷியஸ்' ஆகியவையும் உட்பக்கம் சென்றன. ஆறாவதாக வந்த நெல்சனின் 'வான்கார்ட்' வெளிப்பக்கம் நின்றது. 'மினோட்டாரும்' 'டிஃபன்ஸும்' அதைத் தொடர்ந்தன. பிரெஞ்சு முன்னணிக் கப்பல்கள் இருபுறமும் அகப்பட்டு நசுங்கின. பின்னணிக் கப்பல்கள் காற்றின் எதிர்ப்பால் நின்ற இடத்திலேயே நின்று, தோழர் அழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எல்லாக் கப்பல்களுக்கும் நற்பேறு வாய்க்கவில்லை. ட்ரூப்ரிட்ஜின் 'கல்லோடன்' இருளில் மணல்திட்டில் தட்டிப் போர் முழுவதும் அங்கேயே சிக்கிக் கிடந்தது. பின்னே வந்தவர்களுக்கு எச்சரிக்கை அடையாளமாக நின்றதே அதன் பணியாயிற்று. டார்பியின் 'பெல்லரஃபன்' தன்னைவிட மிகப்பெரிய 'லோரியானுக்கு' எதிரே போய் நின்றது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் போராடி, மூன்று பாய்மரங்களும் வீழ, 49 பேரைப் பலிகொடுத்து விலகியது. 'மெஜஸ்டிக்' கப்பலில் 50 பேர் மாண்டனர். ஒரு ரொட்டிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து உயர்ந்த அதன் தலைவர் வெஸ்ட்காட்டும் அவர்களுள் ஒருவர்.

நெல்சனின் நெற்றியில் இரும்புத் துண்டு ஒன்று பட்டுத் தோல் கிழிந்து கண்ணை மூடிற்று. உயிர் போகிறது என்றே அவர் கருதினார். மருத்துவர் ஓடிவந்தபோது, காயமுற்ற மாலுமிகளோடு தம் முறைக்குக் காத்திருப்பதாகக் கூறினார் என்பர். போரில் ஆடவர் மட்டுமே இருந்தனர் என்றும் எண்ணிவிடலாகாது. 'கோலியத்' கப்பலில் பெண்களும் வெடிமருந்து சுமந்தனர். போரின் நடுவே ஒருத்தி ஆண்மகவை ஈன்றாள். அக்கப்பலில் பணியாற்றிய ஜான் நிக்கல் என்ற மாலுமி தம் நினைவுக் குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார்.

லோரியான் எரிந்தது

இரவு ஒன்பது மணியளவில் 'லோரியான்' தீப்பற்றியது. அதற்கு முன்பே பிரூயிஸ் குண்டடிபட்டு, கீழே கொண்டுபோக இசையாமல், மேல்தளத்திலேயே உயிர் நீத்திருந்தார். ஸ்விஃப்ட்ஷுர், அலெக்ஸாண்டர் ஆகிய கப்பல்கள் தீப்பிடித்த இடத்தையே குறிவைத்துச் சுட்டதால் அணைக்க முடியவில்லை. பத்து மணியளவில் தீ வெடிமருந்து அறையை எட்டியது. அந்த வெடிப்பின் ஒளியும் ஓசையும் பல மைல் தொலைவுக்கு எட்டின. கப்பலின் தலைவர் கஸபியாங்காவும் அவருடைய இளமகனும் மாண்டனர். சில நிமிடங்கள் இரு தரத்தாரும் சுடுவதை நிறுத்தினர். மனிதர் கையால் நிகழ்ந்ததைக் கண்டு மனிதரே வாயடைத்து நின்ற கணங்கள் அவை.

பிரெஞ்சுக்காரரிடம் வீரம் குறைந்திருக்கவில்லை. 'தொன்னான்' கப்பலின் தலைவர் துபெத்தி துவார் கால்களை இழந்த பின்னும், தவிடு நிரப்பிய தொட்டியொன்றில் தம்மை அமர்த்தச் செய்து, சாகும்வரை ஆணையிட்டார். அவர்கள் தோற்றது கப்பல்கள் நின்ற நிலையாலும், முன்னேற்பாட்டின் குறைவாலும்தான்.

விடிந்தபோது கடலெங்கும் மரத்துண்டுகளும் உடல்களும் மிதந்தன. பதின்மூன்று கப்பல்களில் இரண்டே தப்பின. வில்நோவ் அவற்றோடும் இரண்டு விரைவுக் கப்பல்களோடும் ஓடிப்போனார். ஒன்பது பிடிபட்டன, இரண்டு எரிந்தன. ஆங்கிலேயர் கப்பல் ஒன்றையும் இழக்கவில்லை. அவர்களில் மாண்டவர் 218 பேர். பிரெஞ்சுக்காரரில் மாண்டவர் தொகை அதைப் போலப் பல மடங்கு. எகிப்துக்குள் புகுந்துவிட்ட போனபார்ட்டின் படை, ஊர் திரும்பக் கப்பலின்றி நிலத்தில் சிறைப்பட்டது.

அந்த வெற்றியின் விலையை எகிப்தியரும் கொடுத்தனர். ஆங்கிலேயரைத் திருப்பி அனுப்பிய சையித் முஹம்மது குரைம், பிரெஞ்சுக்காரரால் சிறைப்பிடிக்கப்பட்டு, செப்டம்பர் 6ஆம் நாள் கெய்ரோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரு பேரரசுகளின் சண்டையில் எவர் பக்கமும் சேராமல், தம் ஊர் தம்முடையது என்று சொன்னவர் அவர்.

கடிதங்களின் பயணம்

போர் முடிந்து எட்டு நாள்களில் நெல்சன் பம்பாய் ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதினார். 'ஸீலஸ்' கப்பலின் துணை அதிகாரி டுவால் அதை எடுத்துக்கொண்டு, அலெப்போ, பாக்தாது, பஸ்ரா வழியாகப் பயணம் செய்து, அக்டோபரில் பம்பாய் சேர்ந்தார். பிரெஞ்சுக் கப்பற்படை அழிந்தது என்ற செய்தி, இந்தியாவிலிருந்த ஆங்கிலேயருக்கு ஒரு படைப்பிரிவு கூடுதலாய் வந்ததற்கு ஒப்பாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி நெல்சனுக்குப் பத்தாயிரம் பவுன் வழங்கியது. வணிகர் கூட்டம் காரணமின்றி இவ்வளவு கொடுப்பதில்லை.

திப்பு சுல்தான் இதற்கு முன்பே மொரீஷியஸுக்குத் தூதர்களை அனுப்பியிருந்தார். அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் மலார்த்திக் 1798 ஜனவரியில் வெளிப்படையாகவே ஓர் அறிவிப்பு விடுத்து, மறைவாக இருக்க வேண்டிய செய்தியைப் பறைசாற்றிவிட்டார். வந்து சேர்ந்த தொண்டர்களோ ஏறத்தாழ நூறு பேர். ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் மார்னிங்டனுக்கு இது போதுமான சாக்காயிற்று.

அடுத்து இரண்டு கடிதங்கள். எகிப்தின்மீது நடந்த தாக்குதலால் வெகுண்ட சுல்தான் சலீம், பிரான்சின்மீது போர் அறிவித்தார். பிரெஞ்சுக்காரர் புனிதத் தலங்களுக்கே கேடு சூழ்கின்றனர், அவர்களோடு சேர வேண்டா, ஆங்கிலேயரோடு பகைமை பாராட்ட வேண்டா என்று திப்புவுக்கு எழுதினார். அக்கடிதம் திப்புவின் கைக்கு வந்த வழி கவனிக்கத்தக்கது: மார்னிங்டனே 1799 ஜனவரியில் அதை அனுப்பி வைத்தார். திப்பு மரியாதை குன்றாமல் விடையளித்தார். இந்தியாவில் ஆங்கிலேயர் செய்த அநீதிகளையும் எடுத்துக் கூறினார்.

இன்னொரு கடிதம், அதே மாதத்தில் கெய்ரோவிலிருந்து போனபார்ட் திப்புவுக்கு எழுதியது. தாம் செங்கடலோரம் வந்துவிட்டதாகவும், நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தம்மிடம் அனுப்புமாறும் அதில் கேட்டிருந்தார். அக்கடிதம் சீரங்கப்பட்டணம் சேரவே இல்லை. செங்கடற்பகுதியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. சேர்ந்திருந்தாலும் பயன் சிறிதே. கப்பலில்லாத படைத்தலைவர் கடல்கடந்து எப்படி வருவார்?

இங்கேதான் அபூகீரின் முழுப்பொருளும் விளங்குகிறது. ஆங்கிலேயர் விரும்பிய கடிதம் வந்து சேர்ந்தது. அவர்கள் விரும்பாத கடிதம் வழியில் நின்றது. கடலை ஆள்பவர் படைகளின் வழியை மட்டும் ஆள்வதில்லை. செய்தியின் வழியையும் ஆள்கின்றனர். திப்பு சுல்தான் இதை அறியாதவர் அல்லர். 1796இலேயே கடற்படைக்கெனத் தனி வாரியம் அமைத்து, நாற்பது அளவில் போர்க்கப்பல்கள் கட்டத் திட்டமிட்டார். மங்களூரில் கப்பல் கட்டும் தளம் ஏற்படுத்த முனைந்தார். காலம் அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து மைசூரை நோக்கி நகர்ந்தது. மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு வாளேந்தியவாறே ஷஹீதானார். அதே மே மாதத்தில், போனபார்ட் அக்கா நகரின் முற்றுகையைக் கைவிட்டு எகிப்துக்குத் திரும்பினார். அவர் கடல்வழி அனுப்பிய முற்றுகைப் பீரங்கிகளை ஆங்கிலேயக் கப்பல்கள் வழியில் பிடித்துக்கொண்டதும், ஜஸ்ஸார் பாஷாவின் உறுதியான காவலும் அவரைத் தோற்கடித்தன. ஒருவரையொருவர் தேடிய இருவரும், சந்திக்காமலே, ஒரே மாதத்தில் தோல்வி கண்டனர். திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1806இல் அங்கே மூண்ட சிப்பாய்களின் கிளர்ச்சியை நம்மவர் அறிவர்.

எஞ்சியது என்ன?

அபூகீரின் கப்பல் தலைவர்களுள் இருவரின் முடிவு நம் கடற்கரையோடு தொடர்புடையது. மணல்திட்டில் சிக்கிய ட்ரூப்ரிட்ஜ், பிற்காலத்தில் கீழைக்கடல் படையின் தலைவராக வந்தார். 1807 ஜனவரியில் சென்னையிலிருந்து, பழுதுற்ற 'பிளென்ஹைம்' கப்பலில் புறப்பட்டார். இந்துமாக்கடலில் கப்பலோடு மறைந்தார். எதிரியை முதலில் கண்ட சாமுவேல் ஹூட், அதே பதவியில் இருந்தபோது, 1814 டிசம்பரில் சென்னையில் காலமானார். நைல் நதியின் முகத்தில் போரிட்டவர்களைக் கம்பெனியின் கடல் இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

சுல்தான் சலீமின் நன்றி எவ்வளவு காலம் பயன் தந்தது? ஒன்பதே ஆண்டுகள். 1807 பிப்ரவரியில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் தார்தனெல்ஸ் நீரிணையைக் கடந்து இஸ்தான்புல்லை அச்சுறுத்தின. அடுத்த மாதமே ஆங்கிலேயப் படை அலெக்ஸாந்திரியாவில் இறங்கியது. அபூகீருக்கு அண்மையிலுள்ள ரஷீத் நகரில் அப்படை எகிப்தியரிடம் அடிபட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் வெளியேறியது. சலீமும் அதே ஆண்டில் சொந்தப் படையினராலேயே அரியணை இழந்து, மறு ஆண்டு கொல்லப்பட்டார்.

நெல்சன் பெருமையோடு தொப்பியில் சூடிய அந்த வைர அணி, பின்னாளில் இங்கிலாந்தின் கிரீனிச் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1951ஆம் ஆண்டில் அது களவு போயிற்று, திரும்பக் கிடைக்கவில்லை. சுல்தானின் பரிசு தொலைந்தது. அதைப் பெற்றுத் தந்த கப்பல்களும் என்றோ மறைந்தன. ஆனால் அன்று அலெக்ஸாந்திரியாவின் கரையில் நின்று, இரு பேரரசுகளையும் ஒரே சொல்லால் மறுத்த குரைமின் குரல் மட்டும் ஜபர்த்தியின் ஏட்டில் இன்றும் கேட்கிறது. ஒருவனுடைய கப்பலை விரட்ட இன்னொருவனுடைய கப்பலை அழைப்பவன், இறுதியில் கடலையே இழக்கிறான் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.